ரப்பர் பெல்ட், துப்பாக்கி உறை, மேலங்கி: பெயின்ட் பிசுபிசுக்காமல் இருக்க என்ன வழி?

சின்னத்தளபதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். 1/6 அளவில் ஒரு ஆக்‌ஷன் ஃபிகரை, அதாவது கைகால் அசையும் வீரன் பொம்மையை, என் விருப்பப்படி மாற்றி கஸ்டம் செய்துகொண்டிருக்கிறேன். பெட்டியில் வந்தபோது அவன் கறுப்புச் சீருடைக் காவல்படை ஆள். நான் அவனைப் பாலைவனத்தில் திரியும் கூலிப்படை வீரனாக மாற்றுகிறேன். தலை, கை, துணி உடை எல்லாம் முடிந்துவிட்டது. மிச்சம் இருப்பது ரப்பர் சாமான்கள்தான்: இடுப்பு பெல்ட், தொடையில் கட்டும் துப்பாக்கி உறை, பைகள் கோத்த மார்புக் கவசம், முழங்கால் காப்பு, குட்டையாக ஒரு மேலங்கி. எல்லாம் கறுப்பு. எனக்கு வேண்டியது வெயிலில் வெளுத்துப்போன பழுப்புத் தோல்.

கேட்கக் காரணம் அந்த மார்புக் கவசம். அது மட்டும் இன்னொருவரிடமிருந்து கைமாறி வந்தது. அவர் ஏதோ ஒரு ஸ்ப்ரே டப்பாவில் பச்சை அடித்திருக்கிறார். அடித்துப் பல மாதம் ஆகிறதாம், இன்னும் தொட்டால் விரல் ரேகை பதிகிறது. சுற்றிவந்த தாளின் நார்கூட மேலே ஒட்டியிருக்கிறது. வெயிலில் வைத்தால் உலர்ந்துவிடுமா? மற்ற சாமான்களுக்கும் இந்தக் கதி வராமலிருக்க என்ன பெயின்ட் வாங்க வேண்டும்? முதலில் பிரைமர் என்கிற அடிப்பூச்சு அடிக்க வேண்டுமா?

---

ஆறிலொன்று எழுதியது:

வெயிலில் வைக்காதீர்கள், இன்னும் மோசமாகும். அந்தப் பெயின்டை அடியில் இருக்கும் சரக்கே இளக வைத்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு வருடம் காத்திருந்தாலும் இதே பிசுபிசுப்புதான்.

எந்தப் பெயின்ட் என்பது இரண்டாவது கேள்வி. முதலில் ஒவ்வொரு சாமானும் என்ன பொருள் என்று பாருங்கள். ஒரே பெட்டியில் வந்த பெல்ட்டும் முழங்கால் காப்பும் வேறு வேறு பொருளாக இருக்கலாம். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

---

ரசாயனக்குடுவை எழுதியது:

ஆறிலொன்று சொன்னது சரி. கொஞ்சம் விளக்குகிறேன், நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் வரும் வளைகிற சாமான்களில் பெரும்பாலானவை மென்மையாக்கிய பிவிசி. பிவிசி தன்னளவில் கெட்டியான பிளாஸ்டிக், தண்ணீர்க் குழாய் மாதிரி. அதை வளைய வைப்பதற்காக எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைக் கலக்கிறார்கள். அதுதான் பிளாஸ்டிசைசர். நன்றாக வளையும் சாமான்களில் எடையில் 30 முதல் 50 சதவீதம் வரைகூட இது இருக்கலாம். அதாவது உங்கள் பெல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதி, எண்ணெய்.

இந்த எண்ணெய் பிளாஸ்டிக்கோடு வேதிப்பிணைப்பில் இல்லை. இடையிடையே புகுந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதனால் மெல்ல மெல்ல வெளியே வரும். சூடு கூடினால் வேகமாக வரும். மேலே எனாமல் அடித்திருந்தால் அந்தப் படலத்துக்குள்ளும் புகுந்துவிடும். எனாமல் காற்றிலிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகும் வகை. இறுகிக்கொண்டிருக்கும்போதே அடியிலிருந்து எண்ணெய் ஊறினால் படலம் கெட்டிப்படவே முடியாது. ஸ்ப்ரே டப்பாவில் இன்னொரு தொந்தரவும் உண்டு. அதிலிருக்கும் கரைப்பான் பிவிசியின் மேற்பரப்பையே ஊறவைத்து, எண்ணெய் வெளியே வர வழியும் போட்டுக் கொடுக்கும்.

பிவிசி அழிரப்பரை பிளாஸ்டிக் ஸ்கேல் மேல் வைத்து மறந்துவிட்டு, பிறகு எடுக்கும்போது ஸ்கேல் குழிந்து ஒட்டிப்போயிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே எண்ணெய் செய்யும் வேலைதான். அழிரப்பருக்கு அட்டை உறை போடுவதில் இந்தத் தடுப்பும் ஒரு காரணம்.

தண்ணீரில் கரைத்து அடிக்கும் அக்ரிலிக்குகள் எவ்வளவோ தேவலாம். அவற்றின் படலம் வளையும், கரைப்பானும் கடுமையாக இருக்காது. முழுக்கத் தப்பிவிடும் என்று சொல்ல மாட்டேன். எண்ணெய் அதிகமான சாமானில் நாளடைவில் அக்ரிலிக்கும் லேசாக இளகும். ஆனால் விரல் ரேகை பதிகிற அளவுக்குப் போவது அபூர்வம்.

---

பழையபொம்மை எழுதியது:

நடுவில் ஒரு சின்ன வரலாறு. பிவிசியை இப்படி இளக்கலாம் என்று கண்டுபிடித்தவர் வால்டோ செமன், 1926-ல், அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில். உலோகத்தோடு ரப்பரை ஒட்ட ஒரு பசை தேடப் போய் இதில் வந்து நின்றார்.

என்னிடம் இருப்பவை எல்லாம் பழைய காலத்துப் பொம்மைகள். 1964-ல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் கொண்டுவந்த 12 அங்குல ஜி.ஐ. ஜோ என்ற படைவீரன் பொம்மை, 1982-ல் வந்த மூன்றே முக்கால் அங்குல ஜோ. அந்தச் சின்ன ஜோவின் வயிற்றுக்குள் இடுப்பையும் மார்பையும் இழுத்துப் பிடிக்க ஒரு கறுப்பு வளையம் இருக்கும். அதுதான் உண்மையான ரப்பர். வருடங்கள் ஓடினால் காய்ந்து வெடிக்கும், மாற்ற வேண்டியதுதான், பெயின்டுக்கு அங்கே வேலையில்லை. மற்றபடி நீங்கள் எல்லோரும் ரப்பர் என்று சொல்வதில் ரப்பர் மிகக் குறைவு.

---

சின்னத்தளபதி எழுதியது:

ரசாயனக்குடுவை அண்ணா, இப்போது புரிகிறது. சரி, எது பிவிசி, எது வேறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சாமான்களில் எந்த எழுத்தும் இல்லை.

---

பீச்சாங்குழல் எழுதியது:

செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, சாமானில் ஒரு ஓரமாகத் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்டுங்கள். தீ பச்சையாக எரிந்தால் உள்ளே குளோரின் இருக்கிறது, அதாவது பிவிசி. உறுதியான சோதனை.

---

ரசாயனக்குடுவை எழுதியது:

உறுதியான சோதனைதான், ஆனால் வீட்டில் வேண்டாம். சூடான பிவிசியிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். ஒரு பெல்ட்டுக்காக நுரையீரலைப் பணயம் வைக்கத் தேவையில்லை. சாமானிலும் பொத்தல் விழும்.

ஒரு கிண்ணம் தண்ணீர் போதும். இரண்டு சொட்டு சோப்பு விடுங்கள், காற்றுக் குமிழி ஒட்டாமல் இருக்கும். சாமானை உள்ளே முழுக்க அமுக்கிவிட்டுக் கையை எடுங்கள். தண்ணீரின் அடர்த்தி 1. மென்மையான பிவிசியின் அடர்த்தி அதற்கு மேல், ஆகவே மூழ்கும். பாலிஎத்திலீன், பாலிபுரோப்பிலீன் இரண்டும் 1-க்குக் கீழ், மிதக்கும். டிபிஇ என்கிற இழுபடும் ரகங்களிலும் பல மிதக்கும். சிலிக்கோன் மூழ்கும், ஆனால் அதைத் தொட்டாலே தெரிந்துவிடும். தூசியை இழுத்துக்கொண்டு, ஒரு மாதிரி வறட்டு வழுவழுப்பாக இருக்கும்.

மூழ்கியவற்றுக்கு அக்ரிலிக். மிதந்தால் இங்கே வந்து சொல்லுங்கள், அது தனிக் கதை. சிலிக்கோன் என்றால் பெயின்டை மறந்துவிடுங்கள். சிலிக்கோன் மேல் சிலிக்கோன் மட்டும்தான் பிடிக்கும்.

---

தூரிகைக்காரி எழுதியது:

எது எது மிதந்தது என்று தளபதி வந்து சொல்வதற்குள் பெல்ட், உறை பற்றி எழுதிவிடுகிறேன். நான் அதிகம் செய்வது தோல் சாமான் வேலைதான்.

முதலில் கழுவுதல். பலர் இதைப் பேருக்குச் செய்துவிட்டு, பிறகு பெயின்டைக் குறை சொல்கிறார்கள். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய வழவழப்பு, நம் விரல் எண்ணெய், கசிந்து வந்த பிளாஸ்டிசைசர், எல்லாம் மேலே இருக்கும். வெதுவெதுப்பான நீர், பாத்திரம் கழுவும் சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ். தையல் கோடு, பை மூடியின் அடி, கொக்கி ஓரம் எல்லாம் தேயுங்கள். காய்ந்த பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் ஒரு துடைப்பு. ஆல்கஹாலில் ஊறப்போட வேண்டாம். அது சாமானின் எண்ணெயையும் இழுத்துவிடும், பெல்ட் விறைத்துப்போகும். அசிட்டோன், தின்னர் பக்கம் போகவே வேண்டாம்.

பிரைமர் பற்றி என் கருத்து, இங்கே பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்: வேண்டாம். டப்பா பிரைமர் என்றால் உங்கள் கவசத்துக்கு நடந்ததே மறுபடி நடக்கும். பிரைமரை நம்புவதைவிட முதல் இரண்டு பூச்சை மிக மெல்லியதாக வைப்பது மேல். நீங்கள் கறுப்பின் மேல் பழுப்பு அடிக்கிறீர்கள், அதனால் நிறம் நிற்க வெள்ளை அடித்தளமும் தேவையில்லை. கறுப்பு அப்படியே நிழலாக வேலை செய்யும்.

பெயின்டில் நான் கைவைப்பது இரண்டு ரகம். ஒன்று, வலேஹோ, சிட்டடல் மாதிரி மினியேச்சர்களுக்கான தண்ணீர் அக்ரிலிக். இன்னொன்று, காலணிக்கு நிறம் மாற்றுகிறவர்கள் பயன்படுத்தும் தோல் பெயின்ட், ஏஞ்சலஸ் மாதிரி. இதுவும் அக்ரிலிக்தான், நடக்கும்போது மடங்கும் இடத்தில் வெடிக்காமலிருக்கச் செய்தது. பெல்ட்டுக்கு இதுவே என் முதல் தேர்வு. தோல் பெயின்டுக்கு முன்னால் பழைய மெருகை நீக்கத் தனியாக ஒரு திரவம் விற்பார்கள். அது நிஜத் தோலுக்கானது, கடுமையான கரைப்பான், பிவிசியில் தொட வேண்டாம்.

அப்புறம் நிறம். முதல் கை, அதாவது முதல் பூச்சு, கறுப்பு கலந்த அடர் பழுப்பு, பள்ளங்களை விட்டுவிட்டு. காய்ந்த பின் சிறு ஸ்பாஞ்சுத் துண்டால் நடுத்தரப் பழுப்பை ஒற்றி எடுங்கள். பிரஷ்ஷால் இழுத்தால் கோடு விழும், ஒற்றினால் தோலின் திட்டுத்திட்டான தோற்றம் வரும். பிறகு மணல் நிறத்தைப் பிரஷ்ஷில் எடுத்து, தாளில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, ஓரங்களில் மட்டும் தட்டுங்கள். எங்கே தட்டுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. துப்பாக்கியை உருவும்போது கை உரசுவது உறையின் வாய்ப்பகுதி. பை மூடியில் விரல் பிடிக்கும் நுனி. பெல்ட்டில் கொக்கி வழக்கமாக மாட்டும் ஓட்டையைச் சுற்றி. அங்கெல்லாம் வெளுக்கட்டும், மற்ற இடம் அடர்த்தியாகவே இருக்கட்டும். எல்லா ஓரத்தையும் சமமாக வெளுத்தால் தோல் போலத் தெரியாது, கோடு போட்டது போலத் தெரியும். கடைசியாக, நீர்த்த அடர் பழுப்பைத் தையல் கோடுகளில் மட்டும் ஓட விடுங்கள்.

கொக்கிகளைத் தோல் வேலை எல்லாம் முடிந்த பிறகு தொடுங்கள். 1/6 அளவில் பளபளவென்ற வெள்ளி பொம்மைத்தனமாக இருக்கும். அடர்ந்த துப்பாக்கி உலோக நிறம், மேலே விளிம்பில் மட்டும் கொஞ்சம் வெள்ளி.

---

பீச்சாங்குழல் எழுதியது:

> பிரைமர் பற்றி என் கருத்து, இங்கே பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்: வேண்டாம்.

நான் ஒத்துக்கொள்ளாத அந்தப் பலரில் ஒருவன், அக்கா. டப்பா எல்லாம் கெட்டது என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. கார் இருக்கை, டாஷ்போர்டு வினைலுக்கு (அதுவும் பிவிசிதான்) நிறம் மாற்றவென்றே ஸ்ப்ரே வருகிறது. எஸ்.இ.எம். கலர் கோட் மாதிரி. அது பிவிசிக்கென்றே செய்தது, மேற்பரப்பில் கடித்துப் பிடிக்கும், வளைத்தாலும் உரியாது. ஜப்பானில் சோஃபுபி என்கிற மென்வினைல் பொம்மை செய்கிறவர்களும் வினைலுக்கென்று தனியாகச் செய்த கரைப்பான் பெயின்டைத்தான் ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தில் பெயின்டைத் தூவும் கருவி) அடிக்கிறார்கள். வி-கலர் அந்த ரகம். மார்புக் கவசம் போல முழுக்க ஒரே நிறம் வேண்டிய சாமானுக்குப் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டத் தேவையில்லை.

மெல்லிய தூவலாக, தூரத்திலிருந்து, நனையாத அளவுக்கு அடிக்க வேண்டும். அடுத்த கைக்கு முன் ஆற விட வேண்டும். அவ்வளவுதான்.

---

தூரிகைக்காரி எழுதியது:

வினைல் ஸ்ப்ரே பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். நான் சொன்னது சாதாரண எனாமல் டப்பாவும் அதே ரகப் பிரைமரும்தான். ஆனால் வி-கலர் மாதிரி சரக்கைப் புதிதாகத் தொடங்குகிறவரிடம் சொல்லும்போது ரெஸ்பிரேட்டரையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? துணி முகமூடி கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி வைத்தது வேண்டும், காற்று வெளியேறும் இடமும் வேண்டும். படுக்கையறை மேசையில் வேலை செய்கிறவர்களுக்கு அது சரிப்படாது.

---

பீச்சாங்குழல் எழுதியது:

சரி, அது நான் சொல்லியிருக்க வேண்டியது. ஏர்பிரஷ் இருந்தால் தண்ணீர் அக்ரிலிக்கையே 15 முதல் 20 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அடிக்கலாம். பிரஷ்ஷில் கிடைக்காத மெல்லிய படலம் கிடைக்கும், ஆவித் தொல்லையும் குறைவு. ஆனால் நீர் அக்ரிலிக்கின் துகளையும் மூச்சில் இழுக்கக் கூடாது.

---

சின்னத்தளபதி எழுதியது:

தண்ணீர் சோதனை முடிந்தது. பெல்ட், துப்பாக்கி உறை, மேலங்கி, கவசம் எல்லாம் மூழ்கின. முழங்கால் காப்பு மட்டும் மிதக்கிறது! விரலால் பார்த்தால் மற்றவற்றைவிடக் கொஞ்சம் மெழுகு மாதிரி வழுக்குகிறது.

இன்னொரு கேள்வி. பெயின்டே வேண்டாம், சாயத்தில் முக்கிவிடலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். செயற்கைத் துணிக்கான சாயம். சரிவருமா?

---

ஆறிலொன்று எழுதியது:

கறுப்பைச் சாயத்தால் பழுப்பாக்க முடியாது. சாயம் நிறத்தைக் கூட்டும், குறைக்காது. உங்கள் சாமான்கள் கறுப்பு என்பதால் அந்த யோசனை அங்கேயே முடிந்தது.

வெள்ளை, மணல் நிறம், வெளிர் சாம்பல் சாமான் என்றால் நல்ல யோசனைதான். ரிட் டைமோர் மாதிரி பாலியெஸ்டருக்கான சாயங்கள் பிவிசியிலும் ஓரளவு ஏறும். உரிந்துபோக எதுவும் இல்லை என்பது பெரிய லாபம். ஆனால் அந்தச் சாயங்களுக்குக் கொதிநிலையை ஒட்டிய சூடு வேண்டும். அந்தச் சூட்டில் மெல்லிய பெல்ட் நூடுல்ஸ் மாதிரி துவண்டுவிடும். எடுத்த உடனே தட்டையாக வைத்துக் குளிர்ந்த நீர் விட வேண்டும். ஏறிய சாயம் எண்ணெயோடு சேர்ந்து பொம்மையின் உடம்புக்கும் இறங்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

முழங்கால் காப்பு பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன் போலத் தெரிகிறது. அதில் பிசுபிசுப்புப் பிரச்சினை வராது, ஆனால் எதுவும் ஒட்டாது. பெயின்ட் காய்ந்த பிறகு நகத்தால் கீறினால் தோல் மாதிரி முழுசாக உரிந்து வரும். கார் பம்பருக்கு அடிக்கும் ஒட்டுதல் ஊக்கி என்று ஒன்று இருக்கிறது, குளோரின் ஏற்றிய பாலியோலிஃபின் கலந்தது. அதை மெல்லிய ஒரு கை அடித்து, அது சொல்லும் நேரத்துக்குள் பெயின்டை அடிக்க வேண்டும். இரண்டு சின்ன முழங்கால் காப்புக்காக இவ்வளவு தேவையா என்றால், என் பதில் தேவையில்லை. கறுப்பாகவே விடுங்கள், மேலே தூசி நிறப் பவுடர் தேயுங்கள். பாலைவன ஆள்தானே.

---

பிசின்மணி எழுதியது:

ஒருவரும் வார்களைப் பற்றிப் பேசவில்லையே. துப்பாக்கி உறையைத் தொடையில் கட்டும் வார், கொக்கிக்குள் நுழைந்து நுழைந்து வெளியே வரும். நீங்கள் எந்தப் பெயின்ட் அடித்தாலும் அங்கே உரியும். வினைல் ஸ்ப்ரேகூட அந்த இழுப்பில் தேயும். உலகத்தில் எந்தப் படலமும் ஒரு மில்லிமீட்டர் இடுக்கில் உரசிக்கொண்டே இருந்தால் நிற்காது.

என் வழி, வாருக்குப் பெயின்ட் அடிப்பதே இல்லை. பிவிசி வாரை வெட்டி எறிந்துவிட்டு, மெல்லியதாகச் சீவிய நிஜத் தோல் கீற்று, அல்லது குறுகிய பருத்தி நாடா வைத்துவிடுவேன். கொக்கியை மட்டும் பழைய வாரிலிருந்து எடுத்துக்கொள்வேன். உறையும் பையும் பெயின்ட் அடித்த பிவிசி, வார் நிஜத் தோல். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறையும் தோல்தான் என்று கண் நம்பிவிடும்.

வெட்ட மனம் வராவிட்டால் வரிசையை மாற்றுங்கள். முதலில் பொம்மைக்கு மாட்டி, வாரை எங்கே நிறுத்தப் போகிறீர்களோ அங்கே நிறுத்தி, அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றி, கொக்கிக்குள் மறையும் பகுதியை விட்டுவிட்டு மற்றதற்கு மட்டும் பெயின்ட். மறுபடி ஒரே ஒரு தடவை மாட்டுங்கள்.

---

தூரிகைக்காரி எழுதியது:

பிசின்மணி சொன்ன தோல் கீற்று வேலை அருமை. தோலைச் சீவத் தெரியாதவர்கள் அவசரப்படாதீர்கள், கனமான தோல் 1/6 அளவில் மரப்பலகை மாதிரி நிற்கும். அரை மில்லிமீட்டருக்கு மேல் போனால் வளையாது.

---

சின்னத்தளபதி எழுதியது:

வாரைத் தோலாக மாற்றுவது என்று முடிவு. நன்றி பிசின்மணி.

பச்சை அடித்த அந்தக் கவசத்தைக் காப்பாற்ற முடியுமா? மேலங்கியைப் பற்றியும் சொல்லுங்கள். அதன் மடிப்பு விறைப்பாக, காற்றில் பறப்பது போல வார்த்திருக்கிறார்கள். எனக்குத் தோளில் தொங்க வேண்டும். கடைசியில் வார்னிஷ் அடிக்க வேண்டுமா?

---

ரசாயனக்குடுவை எழுதியது:

கவசம்: பெயின்டை எடுத்துவிடுங்கள். அதன் மேலேயே புதுப் பூச்சு அடித்தால் அடியில் இளகியது இளகியபடியே இருக்கும், மேலே அடித்தது வழுக்கிக்கொண்டு சுருங்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒவ்வொரு பகுதியாகத் தேய்த்து எடுங்கள், பள்ளங்களில் பஞ்சுக் குச்சி. இளகிய எனாமல் என்பதால் ஓரளவு சுலபமாக வரும். ஊறப்போடாதீர்கள் என்று தூரிகைக்காரி சொன்னதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இடுக்கில் கொஞ்சம் பச்சை மிஞ்சினால் விடுங்கள், அதன் மேல் அடர் பழுப்பு வரப்போகிறது. பிறகு சோப்புக் கழுவல், சில நாள் திறந்த காற்றில் வைத்துவிட்டு மெல்லிய தாளை அழுத்திப் பாருங்கள். தாள் சுத்தமாகப் பிரிந்து வந்தால் தொடங்கலாம்.

கழுவிய பிறகும் சாமானே பிசுபிசுத்தால், பெயின்ட் அடிக்காமலேயே, அது எண்ணெய் கசியும் பழைய சரக்கு. அதற்கு எந்தப் பெயின்டும் மருந்தில்லை.

பொம்மைகளில் இந்த எண்ணெயே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. தாலேட் வகையில் சிலவற்றை 0.1 சதவீதத்துக்கு மேல் பொம்மைகளில் சேர்க்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் உத்தரவு போட்டது, அமெரிக்கா 2008-ல் சட்டம் கொண்டுவந்தது. அதன் பிறகு வேறு வகை எண்ணெய்கள் வந்தன. ஆகவே பழைய பெல்ட்டில் நன்றாக நின்ற பெயின்ட் புதிய பெல்ட்டில் அப்படியே நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது. எப்போதும் உள்பக்கத்தில் ஒரு பொட்டு வைத்து, ஒரு வாரம் விட்டு, வளைத்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

---

தூரிகைக்காரி எழுதியது:

மேலங்கியை முதலில் வடிவம் மாற்றுங்கள், பெயின்ட் பிறகு. வரிசை மாறினால் மடிப்பில் பெயின்ட் வெடிக்கும். கொதித்து இறக்கிய நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் இளகிவிடும். பொம்மையின் மேல் நேராகப் போட வேண்டாம், உடம்பின் பெயின்ட் போய்விடும். அந்த அளவுக்கு ஒரு பாட்டில் அல்லது பழைய உடம்பின் மேல் போட்டு, தொங்க வேண்டியபடி விரலால் மடித்துப் பிடித்துக்கொண்டு குளிர்ந்த நீரை ஊற்றுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஒரே தடவையில் வராவிட்டால் மறுபடி சூடாக்கலாம்.

பெயின்டைப் பொறுத்தவரை, மேலங்கி பெரிய பரப்பு, எடுக்கும்போதும் வைக்கும்போதும் வளையும். அதனால் முழுக்க மூடாதீர்கள். அது துணியாகத் தெரிய வேண்டும், தோலாக அல்ல. மடிப்பின் மேல்வரிகளில் தூசி நிறம், கீழ் ஓரத்தில் மண் நிறத்தைத் திட்டுத்திட்டாக. நடுவில் கறுப்பே தெரியட்டும்.

வார்னிஷ்: பளபளப்பில்லாத அக்ரிலிக் மேட் வார்னிஷ், பிரஷ்ஷிலோ ஏர்பிரஷ்ஷிலோ, ஒரே ஒரு மெல்லிய கை. கரைப்பான் அடிப்படையிலான மேட் ஸ்ப்ரே வேண்டாம், இவ்வளவு நேரம் தவிர்த்த பிரச்சினையைக் கடைசியில் வாசலில் கூப்பிட்டு உட்கார வைப்பது போல ஆகும். தோல் சாமானுக்கு முழு மேட் அடித்தால் அட்டை மாதிரி தெரியும். மேட்டும், லேசாக மினுங்கும் சாட்டினும் பாதிக்குப் பாதி கலந்து அடியுங்கள். மேலங்கிக்கு முழு மேட் சரி.

---

பீச்சாங்குழல் எழுதியது:

இதில் நான் அக்கா கட்சி. கொக்கிகளுக்கு மட்டும் வார்னிஷ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உலோகம் செத்துப்போகும்.

---

பழையபொம்மை எழுதியது:

பொம்மைக்கு மாட்டி வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிவிசி பெல்ட் நேரடியாக உடம்பைத் தொட்டுக்கொண்டு இறுக்கமாகக் கிடந்தால், எண்ணெயும் நிறமும் உடம்புக்குள் இறங்கும். வெளிர் நிற உடம்பில் கறுப்பு வரி விழுந்தால் அதை எடுக்க முடியாது. துணி உடை இருந்தால்கூட நாள்பட்டால் ஊடுருவும். பெல்ட்டின் உள்பக்கத்தில், உடம்பைத் தொடும் இடத்தில், குழாய்க்காரர்கள் சுற்றும் டெஃப்லான் டேப்பை ஒரு சுற்று வைத்துவிடுங்கள். வெளியே தெரியாது, எண்ணெயும் தாண்டாது. பெயின்ட் அடித்த சாமானை நெகிழிப் பைக்குள் போட்டு மூடி வைப்பதையும் தவிருங்கள், பையோடு ஒட்டிக்கொள்ளும். சாதாரண வெள்ளைத் தாளில் சுற்றி, இறுக்காமல், வெயில் படாத பெட்டியில் வையுங்கள்.

---

மைக்கூடு எழுதியது:

நான் இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு ஒரு சந்தேகம். முகமூடி, கையுறை மாதிரி நிஜ லேடெக்ஸ் ரப்பரில் செய்த துணைப்பொருள் என்றால்? ஒரு அரக்கன் பொம்மைக்கு லேடெக்ஸில் இறக்கை வார்த்திருக்கிறேன். அக்ரிலிக் அடித்தால் மடிக்கும் இடத்தில் பொரிந்து உதிர்கிறது.

---

ரசாயனக்குடுவை எழுதியது:

லேடெக்ஸ் பிவிசியைவிட எத்தனையோ மடங்கு இழுபடும். வெறும் அக்ரிலிக் அந்த அளவுக்கு நீளாது. சினிமா ஒப்பனைக்காரர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். புரோஸ்-எய்டு என்ற அக்ரிலிக் பசையோடு அக்ரிலிக் பெயின்டைக் கலந்து அடிப்பார்கள். பாக்ஸ் பெயின்ட் என்று பெயர். ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித் நுரை ரப்பர் முகங்களுக்காகக் கொண்டுவந்த முறை. ரப்பரோடு சேர்ந்து இழுபடும். பசை கலந்திருப்பதால் காய்ந்த பிறகும் ஒட்டும், எனவே மேலே பவுடர் தட்டியே ஆக வேண்டும். இறக்கையை மடித்தால் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், அதற்கும் பவுடர்தான். இந்தக் கலவையைத் தளபதியின் பெல்ட்டுக்குக் கொண்டு போகாதீர்கள், அங்கே அவ்வளவு இழுப்பும் இல்லை, அவ்வளவு ஒட்டலும் வேண்டாம்.

---

மைக்கூடு எழுதியது:

நன்றி! பசை வாங்கி, வேண்டாத லேடெக்ஸ் துண்டில் முதலில் பார்க்கிறேன்.

---

சின்னத்தளபதி எழுதியது:

கவசத்தின் பச்சை வந்துவிட்டது, பைகளின் இடுக்கில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. தாளை அழுத்திப் பார்த்தேன், சுத்தமாகப் பிரிந்தது. பெல்ட்டின் உள்பக்கம் தோல் பெயின்டில் பொட்டு வைத்ததும் வளைத்தால் வெடிக்கவில்லை. மேலங்கி மூன்றாம் முறை சூடாக்கியதில் தோளில் உட்கார்ந்துவிட்டது.

கடைசியாக ஒன்று. துப்பாக்கியும் வளைகிற சரக்குதான், குழல் கொஞ்சம் வளைந்திருக்கிறது. அதற்கு வெள்ளி நிற ட்ரை பிரஷ் (பெயின்டைத் துடைத்த பிரஷ்ஷால் ஓரங்களில் தட்டுவது) போதுமா?

---

பிசின்மணி எழுதியது:

குழலைச் சூடான நீரில் இளக்கி, நேராகப் பிடித்துக் குளிர்ந்த நீரில் காட்டுங்கள். பிறகும் பழைய வளைவுக்கே திரும்பினால் உள்ளே மெல்லிய கம்பி செருகுங்கள். துளையிட்டு நுழைப்பது சிரமமில்லை.

நிறத்துக்கு வெள்ளி வேண்டாம். அடர் சாம்பல் அக்ரிலிக், மேட் வார்னிஷ், அது நன்றாகக் காய்ந்த பின் பென்சில் முனையைச் சுரண்டிய கிராஃபைட் தூளை விரலால் தேயுங்கள். விளிம்புகளில் அழுத்தி, பள்ளங்களில் தொடாமல். உலோக மினுக்கம் தானாக வரும். வார்னிஷ்ஷுக்கு முன் தேய்த்தால் அந்த மினுக்கம் மங்கிவிடும், அதனால் கிராஃபைட் எப்போதும் கடைசி. கை பட்டால் தேயும், ஆனால் உறைக்குள்ளேயே இருக்கும் துப்பாக்கியை யார் தொடப் போகிறார்கள்? தேய்ந்தால் மறுபடி ஒரு தேய்ப்பு.

---

தூரிகைக்காரி எழுதியது:

உறையின் உள்பக்க வாயிலும் அந்தத் தூளைக் கொஞ்சம் தடவுங்கள். துப்பாக்கி உரசி உரசிக் கறுத்த இடம் மாதிரி இருக்கும். வேலை முடிந்ததும் படம் போடுங்கள், கொக்கிப் பக்கம் கிட்டத்தில் எடுத்தது வேண்டும்.